ஒரு கோழி, ஐந்து தட்டு

சிரிப்பு கடைசியில் வருகிறது. அதுவரை அவசரப்படக் கூடாது. முதலில் ஒரு கோழியைத் துண்டு போட்டாக வேண்டும்.

கோழி சின்னது. வீட்டில் நாங்கள் மூன்று பேர்.

"சதையெல்லாம் இன்னிக்கு விருந்துக்கு. எலும்பு நாளைக்கு சூப்புக்கு" என்றாள் அம்மா, கத்தியும் கையுமாக. லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள். சட்டையில் ஒரு சுருக்கம் விடமாட்டாள், கோழியில் ஒரு துணுக்கு விடமாட்டாள். எண்ணெய் பாட்டில் கடைசிச் சொட்டுக்காகத் தலைகீழாக நின்றுகொண்டிருந்தது.

வருஷத்துக்கு ஒரு விடுமுறை விருந்து. அதிலுமா இந்தக் கஞ்சத்தனம்? கொஞ்சம் கலக்கிவிட்டால் என்ன என்று தோன்றியது.

கீழ்வீட்டுத் தையல்கார அக்காவின் போனை வாங்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். அம்மாவின் நம்பரை அடித்து, அத்தை குரலுக்கு மாறினேன்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. நர்ஸ். பேச்சும் ஊசிதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே விருந்தில், "உப்பு தூக்கல்" என்றாள். "அப்போ உங்க வீட்டுலயே சாப்பிட்டுக்கோங்க" என்றாள் அம்மா. அன்றோடு பேச்சுவார்த்தை கட்.

"ஹலோ, ஹலோ, ஹலோ! நான்தான்! சாயங்காலம் நானும் அவரும் சாப்பிட வர்றோம். காது கேக்குதா இல்லையா?"

அம்மா அலறுவாள் என்று காத்திருந்தேன்.

"வாங்க அண்ணி" என்றாள் மெதுவாக. குரல் உடைந்திருந்தது.

சிரிப்பு வரவில்லை, பார்த்தீர்களா? எனக்கும் வரவில்லை.

கீழே இறங்கி வந்தால், அம்மா பீரோவிலிருந்து நல்ல விரிப்பை எடுத்து மேஜையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏய் வாலு, அத்தை பேசினாங்கடி! அவங்களே பேசினாங்க! ரெண்டு வருஷமா போன் அடிச்சாலே அவங்களோன்னு பார்ப்பேன். கோழியைப் பெரிசாக்க முடியாது, உருளைக்கிழங்கைச் சேர்த்துட்டா அஞ்சு பேருக்கு வந்துடும்" என்று பையை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினாள்.

சாயங்காலம் யாரும் வராவிட்டால் அந்த முகம் என்னவாகும்?

சமையலறையில் அப்பா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டுகிறவர். பகலெல்லாம் ஹாரனே பேசிவிடுவதால் வீட்டில் அவர் பேசுவதில்லை.

"அப்பா, அத்தை வரமாட்டாங்க. பேசினது நான்."

"தெரியும்."

"எப்படி?"

"போன்ல கத்தினது இங்க வரைக்கும் கேட்டுச்சு. அக்கா மூணு ஹலோ சொல்ல மாட்டா. ரெண்டுதான்."

"இப்ப என்னப்பா பண்றது? நானே அம்மாகிட்ட சொல்லிடட்டுமா?"

"தட்டு அஞ்சு வை" என்றார். அடுத்த வெங்காயத்துக்குப் போய்விட்டார்.

வைத்தேன். ஒவ்வொரு தட்டும் என்னையே முறைத்தது. அம்மா உருளைக்கிழங்கோடு வந்தாள், வதக்கினாள், உப்பை மட்டும் மூன்று தடவை ருசி பார்த்தாள். "சரியா இருக்கா? தூக்கலா இல்லையே?" என்று என் வாயிலும் ஒரு கரண்டி ஊற்றினாள்.

வாசல் மணி அடித்தது.

கதவைத் திறந்தால் அத்தை! பின்னால் ஒரு பெரிய பழக்கூடை. அதற்குப் பின்னால் மாமா.

"அம்மாடி!" என்று அம்மாவைக் கட்டிக்கொண்டாள் அத்தை. "நீயே மனசிறங்கிக் கூப்பிட்டப்புறம் நான் பிகு பண்ணிக்கிட்டு உட்கார்ந்திருப்பேனா?"

அம்மா விலகி நின்றாள். "நான் கூப்பிட்டேனா? நீங்கதானே அண்ணி வர்றேன்னு காலையில..."

"நானா? மத்தியானம் உன் போன்லேருந்து நீதானே பேசினே? 'பழசை விடுங்க அண்ணி, இன்னிக்கு உப்பு குறைச்சுத்தான் போட்டிருக்கேன்'னு சொன்னியே!"

அம்மா கரண்டியோடு என் பக்கம் திரும்பினாள்.

"சத்தியமா நான் இல்லைம்மா! காலையில அத்தை குரல்ல உங்கிட்ட பேசினதுதான் நான். உன் குரல்ல அத்தைகிட்ட..."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். காலம் கடந்துவிட்டது. மாமா பழக்கூடைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார்.

அத்தை அம்மாவைப் பார்த்தாள். அம்மா அத்தையைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் சமையலறைப் பக்கம் திரும்பினார்கள்.

அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே உரித்த வெங்காயத்தை மறுபடி உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க..." என்றாள் அம்மா.

அவர் திரும்பவில்லை. அம்மாவின் அதே இழுவையில், அதே எரிச்சலில் ஒரு குரல் வந்தது: "ம்க்கும்! வாசல்லயே நின்னு கொஞ்சிக்கிட்டிருந்தா, கோழி ஆறிப்போகாதா?"

அத்தை வாசல்படியிலேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மாமா கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. எதையோ யோசித்தபடி மெல்ல அப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏங்க, போன வருஷம் நான் காய்ச்சல்ல கிடந்தப்போ, நான் வாயைத் திறந்து கேட்காமலே லாண்டரியில மூணு நாள் லீவு கொடுத்தாங்களே... அதுவும் நீங்கதானா?"