நாலு தலைமுறைப் பக்குவம்

தர்சிகாவின் அறை வாசலில் பிஸ்கற் தூள் கிடந்தது. அவளுடைய மாமனார் செல்வநாயகம் குனிந்து, அதை விரல் நுனியில் ஒற்றி எடுத்தார். விரதக்காரர் என்பதால் நாக்கில் வைக்கவில்லை. மூக்கருகே கொண்டுபோனதோடு சரி.

“நெய் பிஸ்கற்தான். சந்தேகமே இல்லை.”

பின்னால் நின்ற அவர் மனைவி பராசக்தி தலையில் கை வைத்தாள். கந்தசஷ்டி ஐந்தாம் நாள். வீட்டில் நாலு பேரும் விரதம். சமையலறை அலுமாரியில் அடுக்கியிருந்த ஆறு தகரப் பேணிகளில் ஒன்றின் மேலடுக்கு முழுதாகக் காணாமற் போயிருந்தது.

பேணிகள் கனடாவிலிருக்கும் மகள் சாருஜாவுக்குப் போக வேண்டியவை. டிசம்பரில், நத்தார் லீவில் அங்குள்ள சொந்தக்காரருக்கெல்லாம் அவள் ஒவ்வொன்று கொடுப்பாள். மூடியில் ‘நாலு தலைமுறைப் பக்குவம்’ என்று பராசக்தி எழுதி ஒட்டியிருந்தாள். போன வருடம் மூன்று தலைமுறைதான். ஒரு வருடத்தில் ஒன்று ஏறிவிட்டது.

கொண்டுபோகிறவர் நாளை மறுநாள் விமானம் ஏறுகிறார் என்பதால் விரத நாளிலேயே சுட வேண்டியதாயிற்று. மா குழைக்கும்போது மருமகளைக்கூட வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டாள் பராசக்தி. அளவெல்லாம் கைக்கணக்கு. வெந்து வந்ததை ஒருவரும் வாயில் வைத்துப் பார்க்கவில்லை. மணத்தைப் பிடித்தே, “வாய்ச்சிட்டுது” என்று சொல்லிவிட்டாள்.

செல்வநாயகம் ஊர்க் கோயிலின் நிர்வாகசபைத் தலைவர். அவருடைய விரதம் ஊருக்கே தெரியும்; தெரியாதவர்களுக்கு அவரே ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தார். ஒரு நாளைக்கு ஆறு மிளகும் ஒரு செம்பு தண்ணீரும். ஐந்தாம் நாளாகியும் குரல் கம்மவில்லை, நடை தளரவில்லை. முருகன் தாங்குகிறான் என்று சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

சாய்மனைக் கதிரையில் அமர்ந்து அவர் விசாரணையைத் தொடங்கினார்.

“பிள்ளை, உண்மையைச் சொல்லு. எடுத்துத் திண்டனியோ?”

“இல்லை மாமா. பேணி அடைச்சது நான்தானே? சட்டையிலை ஒட்டின தூள் கொட்டுப்பட்டிருக்கும்.”

“சட்டையிலை ஒட்டினது தூள். அப்ப மேலடுக்கு எங்கை ஒட்டினது?”

“எலியாயிருக்குமோ?” என்று இழுத்தாள் பராசக்தி.

“எலி மூடியைத் திறந்து, திண்டுபோட்டு, திருப்பி இறுக்கி மூடி வைக்குமோ? விசர்க்கதை கதையாதை.”

மகன் கோபிசங்கர் ஓரமாக நின்றான். தகப்பனையும் பார்க்கவில்லை, மனைவியையும் பார்க்கவில்லை. கையிலிருந்த ஃபோனைப் பார்த்தான்.

“இஞ்சேருங்கோ, நீங்களாவது ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன்” என்றாள் தர்சிகா.

“அப்பா விசாரிக்கிறார்தானே.”

கலியாணமாகி மூன்று வருடம். பிள்ளை வரம் கேட்டு அவள் பிடிக்கும் மூன்றாவது சஷ்டி இது. விரதத்தை முறித்தவள் என்று ஒருமுறை பெயர் வந்தால் போதும். இனிமேல் வயிற்றில் ஒன்றும் தங்காததற்கெல்லாம் இந்த ஒரு அடுக்கு பிஸ்கற்றே காரணமாகிவிடும்.

“நான் கிடந்த பசி முருகனுக்குத் தெரியும் மாமி.”

“முருகனுக்குத் தெரியும் பிள்ளை. சனத்துக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?”

செல்வநாயகம் தொண்டையைச் செருமினார். நிர்வாகசபைக் கூட்டத்தில் தீர்மானம் வாசிப்பதற்கு முன்பும் அப்படித்தான் செருமுவார்.

“பிஸ்கற் போனது பெரிசில்லை. விரதம் முறிஞ்சதுதான் பெரிசு. முறிச்ச ஆள் நாளைக்குச் சூரன்போருக்கு என்ரை கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. கோபி, இவளைப் பண்டத்தரிப்பிலை தாய் வீட்டிலை கொண்டுபோய் விடு. மிச்சத்தைப் பிறகு கதைப்பம்.”

“நான் எடுத்ததை ஆர் மாமா கண்டது?”

“காணத் தேவையில்லை. நாலு பேரிலை மூண்டு பேரைக் கழிச்சா மிஞ்சிறது ஆர்? கோபிக்கு நெய் ஒத்துக்கொள்ளாது. மாமி, தான் சுட்டதைத் தானே களவெடுப்பாவோ? நான்...” அவர் வசனத்தை முடிக்கவில்லை. இரண்டு கையையும் கூப்பி, முகட்டைப் பார்த்தார்.

“அந்த மூண்டு பேரையும் கழிச்சது ஆர்?” என்று கேட்டாள் தர்சிகா.

“பாத்தியே வாயை! பிஸ்கற் திண்ட தெம்பு.”

தர்சிகா உள்ளே போய், ஒரு பையில் இரண்டு உடுப்பை வைத்துக்கொண்டு வந்தாள். கோபிசங்கர் மோட்டார் சைக்கிளை முற்றத்துக்கு உருட்டினான். சாவியைப் போட்டான், ஒருமுறை பெருமூச்சு விட்டான். அவனால் முடிந்தது அவ்வளவுதான்.

பையைக் கண்டதும் பராசக்திக்கு மனம் இளகிவிட்டது. இளகிய மனமும் தன் பெருமையின் பக்கமாகத்தான் ஓடியது.

“இஞ்சேருங்கோ, விடுங்கோ. பிள்ளையைக் குறை சொல்லி என்ன? குறை என்ரை கையிலை. நாலு தலைமுறைப் பக்குவமெல்லே! அந்த மணத்துக்கு முனிவர்மாரும் கண் முழிப்பினம். இவள் சின்னப்பிள்ளை. அந்த ருசிக்கு முன்னாலை ஆர்தான்...”

சாய்மனைக் கதிரை கிறீச்சிட்டது. முப்பத்தைந்து வருடமாக இந்தப் பெருமையைக் கேட்டு வந்த செல்வநாயகத்துக்கு அன்றைக்கென்று பொறுக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து கத்தினார்:

“என்ன பெரிய ருசி? உப்பெல்லே கரிக்குது!”