இரவல் சட்டை

"காயம் பட்டது உங்களுக்கு. ஆஸ்பத்திரிச் சீட்டு மட்டும் வேற ஒருத்தர் பேர்லங்கறீங்க. எப்படி சார்? எனக்கு ஒண்ணுமே பிடிபடலையே!"

ஜோலின் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். முன்னாள் படைவீரர்களுக்கான மாவட்ட அலுவலகத்தில் பதினெட்டு வருஷமாக இருக்கிறாள். தொலைந்த காகிதம், நனைந்த காகிதம், எலி கடித்த காகிதம் எல்லாம் பார்த்தவள். இப்படி ஒரு சிக்கலைப் பார்த்ததில்லை.

எதிரே எல்டன் ரக்கர். வயது எழுபத்தேழு. ஆறு மணி நேரம் பழைய பிக்கப் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். இடது காலை நீட்டினால்தான் உட்கார முடிகிறது. அவர் மடியில் ராணுவம் கொடுத்த விடுவிப்புச் சான்றிதழ். வியட்நாமில் இருந்ததற்கான பதக்கங்கள் அதில் வரிசையாகக் குறிக்கப்பட்டிருந்தன. போரில் காயம்பட்டவர்களுக்குத் தரும் பர்ப்பிள் ஹார்ட் மட்டும் இல்லை.

"உங்க ஊர்லயே இதுக்கு ஆபீஸ் இருக்குமே?"

"இருக்கு. மூணு தடவை எழுதிப் போட்டாச்சு. பார்த்த சாட்சி வேணும்ங்கறாங்க."

"நானும் அதையேதான் சொல்லப்போறேன்."

"சொல்லுங்கம்மா. உங்க காபி நல்லா இருக்கு. குடிச்சுக்கிட்டே கேக்கறேன்."

ஜோலினுக்குச் சிரிப்பு வந்தது. இல்லாத பதக்கத்தைக் கேட்டு வரும் புளுகர்களையும் அவள் அறிவாள். அவர்கள் கதை வழுக்கிக்கொண்டு போகும். இவர் கதை அடிக்கு அடி இடறியது.

"முதல்லேர்ந்து வாங்க. காயம் பட்டப்ப நீங்க போட்டிருந்தது யார் சட்டை?"

"முகாம்ல பக்கத்துக் கட்டில்காரனோடது. மூணு நாளா மழை. என் சட்டை காயவே இல்ல. அவன் தன்னோடதக் கொடுத்தான். நெஞ்சுல அவன் பேர் தைச்சிருந்துச்சு."

"கழுத்துல தகடு போட்டிருப்பீங்களே? அதுல உங்க பேர்தானே இருக்கும்?"

"கழுத்துல போட்டா நடக்கறப்ப கிணுகிணுன்னு சத்தம் கேக்கும்மா. எதிரிக்கு நாமளே மணி அடிச்ச மாதிரி. அதனால பூட்ஸ் கயித்துல கோத்துக்குவோம். கண்ணிவெடி பிடிச்சது அந்தக் காலைத்தான். பூட்ஸை வெட்டி எறிஞ்சுட்டாங்க."

ஜோலின் எழுதுவதை நிறுத்தினாள்.

"ஒன்பது நாள் எனக்கு நினைவில்ல. சட்டையில இருந்த பேரைப் பார்த்துச் சீட்டு எழுதிட்டாங்க. கண் முழிச்சதும், நான் அவன் இல்லன்னு நர்ஸ்கிட்ட சொன்னேன். 'ஜுரத்துல எல்லாரும் இப்படித்தான் உளறுவாங்க, தூங்கு கண்ணு'ன்னா. அப்புறம் விசாரிச்சுக் கட்டில் அட்டையில பேரை மாத்தினாங்க. ஆனா மெடலுக்கு உத்தரவு அதுக்குள்ள அவன் பேர்ல போயிருச்சு."

"அந்த ஆளாவது சொல்லியிருக்கலாமே?"

"மெடல் நேரா அவன் அப்பா அம்மா வீட்டுக்குத் தபால்ல போயிருச்சு. அவன் ஊர் திரும்பினா வாசல்ல பேண்டு வாத்தியம், மேயர், இவ்வளவு பெரிய கேக்கு. இருபது வயசுப் பையன், என்ன பண்ணுவான்?"

"அதுக்கப்புறம் அம்பது வருஷம் இருந்துச்சே!" ஜோலினின் குரல் உயர்ந்தது.

"ரெண்டு லெட்டர் போட்டேன். பதில் இல்ல. எண்பத்திரண்டுல நேர்லயே போனேன். அன்னைக்குன்னு பார்த்து போர்ல செத்தவங்க நினைவு நாள் ஊர்வலம். நெஞ்சுல மெடலைக் குத்திக்கிட்டு, தோள்மேல பொண்ணைத் தூக்கி வச்சுக்கிட்டு முதல் வரிசையில வந்தான். அந்தக் குட்டி ஊருக்கே கை காட்டிட்டு வருது. வண்டியைத் திருப்பிட்டேன்."

"எதுக்குத் திருப்பினீங்க? நாலு பேர் முன்னாடி கேட்டிருக்கணும்!"

"அந்த நாலு பேர்ல அந்தக் குழந்தையும் ஒண்ணாச்சேம்மா."

ஜோலின் மெதுவாகக் கேட்டாள்: "இப்ப மட்டும் எதுக்கு சார்?"

"நுரையீரல்ல கட்டி. கிறிஸ்துமஸ் தாண்டினா அதிசயம்ங்கறார் டாக்டர். அரசாங்கம் கொடுக்கற கல்லறைக் கல்லுல அந்த மெடல் பேர் இருக்கணும். ரெக்கார்டுல இல்லாததைப் பொறிக்க மாட்டாங்களாம். எங்க ஊர் படைவீரர் சங்கத்துல என்னைப் புளுகன்னு சொல்றாங்க. நான் நொண்டறதே நடிப்பாம். செத்த பிறகும் என் பொண்டாட்டி அதைக் கேட்டுக்கிட்டு இருக்கணுமா?"

ஜோலின் சாட்சி வாக்குமூலப் படிவத்தை உருவி எடுத்தாள்.

"அந்த ஆள் உயிரோட இருக்காரா?"

"இருக்கான். திடமா இருக்கான்."

"அப்ப ஒரே ஒரு கையெழுத்து. லெட்டர் போட்டாத்தானே பதில் வராது? நானே போய் எதிர்ல நிக்கறேன். இன்னொருத்தர் ரத்தத்தை நெஞ்சுல குத்திக்கிட்டு ஊர்வலம் போக வெக்கமா இல்ல?"

"திட்டாதீங்கம்மா. கொட்டற மழையில காஞ்ச சட்டையைக் கழட்டிக் கொடுத்தவன்."

"அவ்வளவு நல்லவர்னா கையெழுத்துப் போடட்டும். போடாம நான் அங்கிருந்து நகர மாட்டேன். பேரும் அட்ரஸும் சொல்லுங்க."

எல்டன் காலிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் அத்தனை தூரமும் ஓட்டிக்கிட்டு வந்தேன்."

"சும்மா சொல்லுங்க சார். எந்தத் தெரு?"

"இந்த ஊர்லயேதான், தண்ணித் தொட்டிக்குப் பின்னாடித் தெரு. ரெண்டாவது வீடு."

ஜோலினின் பேனா பாதி எழுத்தில் நின்றது.

"எழுத வேண்டாம்மா," என்றார் எல்டன். "நீங்க பிறந்து வளர்ந்த வீடுதான்."