ஜன்னல் கம்பியில் கையுறை

மனைவி வடிவை அறைந்தே பழகிய வலது கையும் பேச்சும் பக்கவாதத்தில் போய், ஆஸ்பத்திரியில் கிடந்தார் மாசிலாமணி. வடிவு கையுறை மாட்டித்தான் அவருக்குச் சோறு ஊட்டினாள். இது ஒட்டுகிற நோயல்ல என்று நர்ஸ் பெர்பெத்துவா சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். கடைசியில், "ஊட்டுறதுக்கெல்லாம் கிளவுஸ் கூடாதுன்னு ஆர்டர்க்கா. சோப்புப் போட்டுக் கை கழுவுனா போதும்," என்று கையுறைப் பெட்டியையே தூக்கிக்கொண்டு போனாள்.

மாசிலாமணிக்கு நெஞ்சு குளிர்ந்தது. இனி அவள் விரல் உதட்டில் படும்.

மதியம் ரசஞ்சோற்றைத் திறந்துவைத்த வடிவு ஜன்னலுக்குப் போனாள். சோப்புப் போட்டுக் கழுவிக் கம்பியில் காயப்போட்டிருந்த பழைய கையுறையை எடுத்து, விரல் விரலாக மாட்டிக்கொண்டாள்.

நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். "அவரைத் தொட்டா உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுக்கா!"

"தெரியும் சிஸ்டர்."

முதல் கவளத்தை ஊதி ஆற்றி, "ஆ காட்டுங்க," என்றாள் வடிவு.