மேல்வீட்டுக் குதிரை

“இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்!”

போர்வையை உதறிவிட்டு எழுந்தார் மருந்துக்கடைக்காரர். தலைக்கு மேலே கூரை அதிர்ந்துகொண்டிருந்தது. டக்... டக்... டகடக டக்.

“ஞாயித்துக்கிழமைகூட மனுஷனைத் தூங்க விடமாட்டானா அவன்?”

“மெதுவாப் பேசுங்க. மேல கேட்டுடப் போகுது” என்றாள் மனைவி.

“கேக்கட்டும்! அப்பா எங்கே?”

“மாமா வழக்கம்போல பார்க்குக்கு வாக்கிங் போயிட்டார்.”

“பார்த்தியா? இந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் அவர் விடிஞ்சும் விடியாம வீட்டை விட்டு ஓடறார்.”

மேல்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவனுக்கு மதுக்கூட வாசலில் வேலை. உள்ளே ரகளை செய்கிறவர்களை அலாக்காகத் தூக்கி வெளியே வைக்க வேண்டும். வாசலை அடைக்கிற தோள், புருவத்தின் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு. எங்கிருந்தோ வந்தவன்.

எங்கிருந்தோ வராதவர்கள் அந்தக் கட்டடத்தில் யாருமே இல்லை என்பது வேறு விஷயம். பல் டாக்டர் ஒரு திக்கு, கேக் கடைக்காரம்மா ஒரு திக்கு. ஒரு வீட்டுக்குள் பேசுகிற பாஷை அடுத்த வீட்டுக்குப் புரியாது. தண்ணீர்த் தொட்டியைக் கழுவ நாள் குறிப்பதில்கூட அவர்கள் ஒத்துப்போனதில்லை. மேல்வீட்டுக்காரன் விஷயத்தில் மட்டும் அப்படியொரு ஒற்றுமை.

மருந்துக்கடைக்காரர் வீட்டுக் கூடத்திலேயே கூட்டம் கூடியது. மேலே சத்தம் நின்றபாடில்லை.

“அவங்க ஊர்ல காலைல எதையாவது போட்டு உடைச்சாத்தான் சோறு இறங்குமாம்” என்றார் பல் டாக்டர். குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர்.

“யார் சொன்னா?”

“யார் சொல்லணும்? தாடையைப் பார்த்தாலே தெரியுதே!”

கேக் கடைக்காரம்மா காதைத் தீட்டிக்கொண்டார். “எனக்கென்னவோ அவன் உள்ளே குதிரை வளர்க்கிறான்னு தோணுது. நல்லாக் கேளுங்க, அசல் குளம்புச் சத்தம்.”

“லிஃப்ட்ல குதிரை எப்படிங்க ஏறும்?”

“தூக்கிட்டுப் போயிருப்பான். உடம்பைப் பார்த்தீங்கல்ல?”

யாரும் சிரிக்கவில்லை. கூரையை அண்ணாந்து பார்த்துத் தலையாட்டினார்கள்.

பல் டாக்டர் மேலே போய் ஆளைக் கூட்டிவந்தார். “வாசல்லயே மடக்கிட்டேன்” என்று, அவனுக்கு நாலடி பின்னால் நின்றபடி அறிவித்தார்.

அவன் குனிந்து உள்ளே வந்தான். கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“தப்பு என்னோடதுதான் சார். மன்னிச்சிடுங்க. தடியா ஒரு கம்பளம் வாங்கிப் போட்டுடறேன்.”

“கம்பளமெல்லாம் வேண்டாம். வீட்டைக் காலி பண்ணு” என்றார் மருந்துக்கடைக்காரர்.

அவன் தலை கவிழ்ந்தது. “சரிங்க சார்.”

மருந்துக்கடைக்காரருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஒரு பெரிய சண்டைக்காக ராத்திரியெல்லாம் வசனம் தயார் செய்து வைத்திருந்தார். “என்னப்பா இது, எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டியா?”

“என்ன சார் பேசறது? சத்தம் போட்டது நான்தானே.”

டக்... டக்... டகடக டக்.

எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். அப்புறம் அவனைப் பார்த்தார்கள். மறுபடி கூரையைப் பார்த்தார்கள்.

“நீ இங்கே இருக்கே” என்றார் பல் டாக்டர்.

“ஆமா சார்.”

“அப்ப மேல?”

அவனுக்கு வியர்த்துவிட்டது. “அது... நான் காலைல போட்ட சத்தம் சார். சுவத்துல தங்கியிருந்து இப்பத்தான் இறங்குது.”

“குதிரை!” என்றார் கேக் கடைக்காரம்மா, வெற்றிக் களிப்போடு.

கூட்டம் படிகளில் பாய்ந்தது. “வேண்டாம் சார்! இன்னிக்கே காலி பண்ணிடறேன் சார்!” என்று அவன் குறுக்கே ஓடினான். மதுக்கூடமே திரண்டு வந்தாலும் ஒற்றை ஆளாகத் தடுக்கிறவனால், ஒரு பல் டாக்டரையும் ஒரு கேக் கடைக்காரம்மாவையும் தடுக்க முடியவில்லை. தொட்டால் விழுந்துவிடுவார்களோ என்று அவனுக்குப் பயம்.

மருந்துக்கடைக்காரர்தான் கதவைத் தள்ளினார்.

உள்ளே நிலைக்கண்ணாடி முன்னால், அடியில் தகடு அடித்த பளபள ஷூவோடு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஒரு பெரியவர் ஆடிக்கொண்டிருந்தார். டக்... டக்... டகடக—

“அப்பா!”

பெரியவர் விரித்த கையோடு அப்படியே நின்றுவிட்டார்.

“நீங்க... பார்க்குக்கு...”

“லிஃப்ட்ல ஒரு நாள் இவன் காலால தாளம் போட்டுட்டு வந்தான். நல்லா இருந்துதா, ‘எனக்கும் கத்துக்கொடுப்பா’ன்னு நான்தான் கேட்டேன்.” பெரியவருக்கு மூச்சு வாங்கியது. “இப்பகூட, ‘சத்தம் போடாம உக்காருங்க ஐயா’ன்னுதான் சொல்லிட்டுப் போனான். கால் கேக்கலைடா.”

முதலில் பல் டாக்டர்தான் ‘களுக்’ என்றார். கேக் கடைக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் எவ்வளவோ அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பெரியவரின் கைகள் மெல்லக் கீழே இறங்கின. யார் முகத்தையும் பார்க்காமல், உட்கார்ந்து ஷூ முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.

மருந்துக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேல்வீட்டுக்காரன் பக்கம் திரும்பினார். “ஏம்ப்பா, வீட்டையே காலி பண்ணச் சொன்னோம். அப்பகூட இவர்தான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

அவன் பெரியவரின் எதிரில் மண்டியிட்டு, அவிழ்ந்த முடிச்சைத் திரும்ப இறுக்கிக் கட்டினான்.

“நான்னு நினைச்சா நீங்க கோபப்படுவீங்க சார். ஐயான்னு தெரிஞ்சா சிரிப்பீங்க. கோபம் எனக்குப் பழக்கம்தான்.”