எந்த பேட்டரி நல்லது?

"நண்பர்களே, என் ரேடியோவுக்கு லித்தியம் பேட்டரி நல்லதா, ஈய பேட்டரி நல்லதா? சீக்கிரம் சொல்லுங்கப்பா, மத்தியானம் படகை எடுத்துக்கிட்டு மீன் பிடிக்கப் போகணும். ஓவர்."

போர்ட் லிங்கனில் இருந்து நெவில், ஞாயிற்றுக்கிழமை ஹாம் ரேடியோ அரட்டையில் ஆறாவது வாரமாக இதையே கேட்டார்.

"ஏதாவது ஒண்ணை வாங்கித் தொலையேன்யா!" செடூனாவிலிருந்து மெர்வ் கத்தினார். "ஆமா, இப்ப எந்த பேட்டரியில பேசிட்டிருக்கே?"

நெவில் சமையலறையை எட்டிப் பார்த்தார். மனைவி கிளெனிஸ் அங்கே இல்லை.

"அவ கார் பேட்டரிதான்! ஜன்னல் வழியா ஒரு வயர். ஞாயித்துக்கிழமை ஆனா கார் கிளம்பலைன்னு மெக்கானிக்கைத் திட்டிக்கிட்டே நடந்து போறா, பாவம்!"

அலைவரிசை முழுக்க ஒரே சிரிப்பு. நெவிலுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

அப்போது ஒரு பெண் குரல், தானும் பேசலாமா என்று கேட்டது.

"புதுசா ஒருத்தங்க! வாங்கம்மா," என்றார் மெர்வ். "நம்ம வழக்கப்படி பேரு, இடம், எந்த பேட்டரின்னு சொல்லுங்க. ஓவர்."

"பேரு கிளெனிஸ். வயரைப் போன மாசமே பாத்துட்டேன், ரேடியோவுல பேசுற லைசென்ஸ் நேத்துதான் கிடைச்சுது. இடம், நெவிலோட படகு, எங்க வீட்டு வாசல்ல டிரெய்லர் மேல நிக்குதே, அதுக்குள்ள. பேட்டரியும் படகோடதுதான். நெவில், ஆறு வாரமா கேட்டியே, இது ரொம்ப நல்ல பேட்டரி. சாயங்காலம் வரைக்கும் பேசலாம்னு இருக்கேன். ஓவர்."