மேற்கு ஜன்னல்

அவள் நாடாவை வாங்கிக்கொள்ளவில்லை.

மற்ற பெண்கள் வாங்கினார்கள். ஜன்னல் கம்பிகளில் ஏற்கெனவே நிறையக் கட்டியிருந்தது. சிவப்பு, மஞ்சள், வெயிலில் வெளுத்துப்போன நீலம்.

"இங்க நின்னுதான் அந்தோனியாள் வருஷக் கணக்கா துரையோட கப்பலுக்காகக் காத்திருந்தாங்க," என்றான் வழிகாட்டி ரெமிஜியுஸ். "இங்கயே அழுது அழுது செத்தும் போனாங்க. நீங்க யாருக்காகக் காத்திருக்கீங்களோ, அவங்கள நெனச்சுக் கட்டுங்க."

துரை கட்டிய வீடு. பவளப்பாறைக் கல். உப்புக்காற்று சுவரைத் தின்றிருந்தது.

கீழே, அவர்கள் வந்த பாய்மரப் படகு நங்கூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. கரையோரமாகத் தீவு தீவாக இறங்கி ஏறும் பயணம். மற்றவர்களுக்கு இதுவும் ஒரு தீவு.

அவள் இந்த வீட்டுக்காகவே வந்திருந்தாள்.

"அவ அழல, தம்பி."

ரெமிஜியுஸ் சிரித்தான். "ஆளுக்கொரு கதை சொல்வாங்க, மேடம்."

"சீமைக்குப் போனவன் இனி வரமாட்டேன்னு சேதி அனுப்பினான். அன்னைக்கே அவன் படகை அவுத்துக்கிட்டுக் கரைக்குப் போயிட்டா. வயித்துல பிள்ளையோட. அந்தப் பிள்ளையோட பேத்தி நான்."

ஒருத்தியின் முடிச்சு பாதியில் நின்றது.

அப்பா இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். வருஷா வருஷம் கோயில் திருவிழா நாடகத்தில் அந்தோனியாள் விழுந்து சாவாள். கூட்டம் மூக்கைச் சிந்தும். அப்பா எழுந்து நின்று, அது பொய் என்பார்.

துரையின் வீட்டுக்கு அடி போடுகிறான் என்றார்கள் ஊரார். அவருக்கு வீடு வேண்டியிருக்கவில்லை.

கடைசி வருஷங்களில் அவர் எழுந்திருக்கவில்லை. நாடகம் முடியும்வரை தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"ஆதாரம் எதுவும் இல்லையே, மேடம்," என்றான் ரெமிஜியுஸ். மரியாதையாகத்தான் சொன்னான்.

அவள் ஜன்னலருகே போனாள். நாடாக்களை இரண்டு கைகளாலும் விலக்கினாள்.

கடல். அதன் முடிவில், மெல்லிய கோடாகக் கரை. பனைகள். ஒரு வெள்ளைக் கோபுரம்.

"கப்பல் எந்தப் பக்கம் வரும், போகும்?"

"கிழக்க. அங்கதான் ஆழம்."

"இது எந்தப் பக்கம்?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். பக்கத்தில் வந்து நின்று பார்த்தான். தினமும் இந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் அவன் கதை சொல்வான்.

"மேற்கு," என்றான் மெல்ல.

"இங்க நின்னிருந்தா, கரையைத்தான் பாத்திருப்பா."

கீழிருந்து படகோட்டி கூப்பிட்டார். கிழக்கேயிருந்து வீசும் கொண்டல் நின்றுவிடும் போலிருக்கிறது, உடனே பாய் ஏற்ற வேண்டும்.

மற்றவர்கள் இறங்கினார்கள். ஒருத்தி மட்டும், கட்டியதை அவிழ்க்கலாமா என்பதுபோலக் கொஞ்சம் நின்றாள். பிறகு அப்படியே போய்விட்டாள்.

ஜன்னலருகே நின்றவள் இறங்கவில்லை.

துறையில் வேறொரு படகு வந்து நின்றது. அடுத்த கூட்டம். குழந்தைகளின் சத்தம் மேலே வந்தது.

படகோட்டி மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"எல்லாரும் ஏறியாச்சு, அக்கா. இன்னும் தாமதிச்சா உங்கள விட்டுட்டுத்தான் போகணும்."

"போங்க."

"இந்தத் தீவுல தங்க எடம் கெடையாது."

"இது வீடுதானே."

அவர் ரெமிஜியுஸைப் பார்த்தார். ரெமிஜியுஸ் தரையைப் பார்த்தான்.

படகோட்டி இறங்கிப் போனார். சற்று நேரத்தில் பாய் விரிந்து காற்றில் அறையும் சத்தம் கேட்டது. அவள் எட்டிப் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

படியில் காலடிகள்.

ரெமிஜியுஸ் வழக்கம்போல வாசலைப் பார்த்து நின்றான். முதல் ஆட்கள் உள்ளே நுழைந்தார்கள். அவன் வாயைத் திறந்தான்.

பிறகு அவளுக்கு இடம் விட்டு, ஓரடி விலகி நின்றுகொண்டான்.

"வாங்க," என்றாள் அவள். "அந்தோனியாள் புறப்பட்டுப் போன வீடு இது."