மூன்றாம் குளிரறையிலிருந்து

புது அட்டையை இரண்டு கட்டைவிரல்களாலும் அழுத்தி உள்ளே தள்ளினாள்.

சிவப்பு விளக்கு சிமிட்டியது. பிறகு பச்சை.

தூத்துக்குடியின் அந்த இறால் ஏற்றுமதி கம்பெனியில் காலையிலிருந்து ஒரு போனும் வேலை செய்யவில்லை. எக்ஸ்சேஞ்ச் பெட்டியில் சிக்னல் கார்டு போய்விட்டிருந்தது. யார் ரிசீவரை எடுத்தார்கள், எங்கே மணி அடிக்க வேண்டும் என்று கவனித்துச் சொல்வது அந்த அட்டைதான். அதை மாற்றத்தான் மதுரையிலிருந்து வந்திருந்தாள்.

பச்சை நிலைத்ததும் ஆபரேட்டர் எபநேசரின் மேசையில் மணி அடித்தது.

அவர் சிரித்தார்.

"வந்துட்டு மேடம்! அதுக்குள்ள யாரோ கூப்பிடுதாங்க பாருங்க."

எடுத்து ஹலோ என்றார். மறுபடியும் ஹலோ என்றார்.

பதில் இல்லை.

திரையைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"மூணாம் குளிரறை. அங்க ஆளே கிடையாதே. காலைலயே பூட்டியாச்சு."



குளிரறைப் போனில் எண்களே கிடையாது. உள்ளே மாட்டிக்கொண்டவர் ரிசீவரை எடுத்தாலே போதும், ஆபரேட்டருக்கு மணி அடித்துவிடும்.

எடுத்திருக்கிறார்கள். எப்போதோ.

அட்டை செத்துக் கிடந்தபோது. மணிதான் இப்போது அடித்திருக்கிறது.

"சாவி யார்ட்ட இருக்கு?" என்றாள்.

எபநேசர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தார்.

சாவியோடு சூப்பர்வைசர் துரைசிங் குளிரறைக் கதவுக்கு ஓடி வந்தார். சாவி துளைக்குள் போக மறுத்தது.

கதவு திறந்தது. வெண்புகை முகத்தில் அடித்தது.

ரிசீவர் சுருள் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே, சுவரில் சாய்ந்து, நீலக் கோட்டுக்குள் ஒரு பெண்.

உள்ளிருந்து திறக்கும் பிடியில் பனி இறுகியிருந்தது. அதில் ஒரு கையுறை ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஜெனோவா," என்றார் துரைசிங். "சொல்லாம வீட்டுக்குப் போயிட்டாள்னுல்லா நெனச்சேன்."

அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவளும் எபநேசருமாக ஜெனோவாவைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்கு வந்தார்கள். தரை கொதித்தது. எபநேசர் தன் சட்டையைக் கழற்றி விரித்தார்.

ஜெனோவாவின் விரல்கள் மரக்கட்டைபோல இருந்தன. அவள் தேய்த்தாள். ஊதினாள். மறுபடி தேய்த்தாள்.

இமை அசைந்தது.

"ஒண்ணுமில்லக்கா. வெளிய வந்துட்டீங்க. ஒண்ணுமில்ல."

ஜெனோவாவின் உதடு எதையோ சொல்லப் பார்த்தது. அவள் குனிந்து காதை வைத்தாள்.

"கித்தேரி."

மூச்சு வாங்கியது.

"இறால் பெட்டிக்குப் பின்னால. கித்தேரியும் உள்ள இருக்கா."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

குளிர் வெளியே போய்விடக் கூடாதே என்று, பல வருடப் பழக்கத்தில், துரைசிங் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தார்.